விலாவில் ஒரு புள்ளி: விரலும் ஊசியும்

(அங்கத்தினர் கல்விப் பகுதி)

வாசுதேவநல்லூர் வட்டாரத்து நெசவாளர் சங்கம் ஒன்றின் நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குச் சென்ற மாதம் போயிருந்தோம். நூல் கையிருப்பு, கூலிப் பட்டுவாடா, தேங்கிய சரக்கு ஆகியவற்றைப் பற்றிய விவாதம் முடிந்தது. நிகழ்ச்சி நிரலின் கடைசியில் ‘இதர விஷயங்கள்’ என்ற தலைப்பில் ஒரு விண்ணப்பம் வாசிக்கப்பட்டது. அக்குபஞ்சர் பயின்ற ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டிடத்தில் இலவச முகாம் நடத்த இடம் கேட்டிருந்தார். நெசவாளருக்கும் விவசாயிகளுக்கும் வரும் விலா வலிக்கு மார்பின் பக்கத்தில் ஊசி ஏற்றிக் குணம் காட்டுவதாக அதில் எழுதியிருந்தார். செலவில்லாத காரியம் என்பதால் தலைவர் சம்மதிக்கும் நிலையில் இருந்தார்.

அப்போது மூத்த அங்கத்தினர் ஒருவர் எழுந்து நம்மைப் பார்த்து, “ஐயா, நாற்பது வருஷமாகத் தறியில் இருக்கிறேன். நாடாவை இழுத்து இழுத்து வலது விலா பிடித்துக்கொள்கிறது. ஓர் ஊசியில் போய்விடும் என்கிறார்கள். போட்டுக்கொள்ளலாமா? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள்” என்று கேட்டார்.

அவர் கேட்டது பேரேட்டைப் பற்றியதாக இருந்தால் அந்த இடத்திலேயே விடை சொல்லியிருப்போம். தேகத்தைப் பற்றிய கேள்விக்கு அவ்வாறு சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. முன்பு வேறொரு சரகத்தில் பணிபுரிந்தபோது, தவணை தவறியோர் பட்டியலில் ஓர் அங்கத்தினர் பெயரைக் கண்டோம். ஒருநாளும் தவணை தவறாதவர் அவர். விசாரித்ததில், மார்பின் பக்கத்தில் ஓரிடத்தில் ஊசி ஏற்றிக்கொண்டு வீடு திரும்பியவருக்கு அன்று மாலையே மூச்சு முட்டியது என்றும், பெரிய மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, விலாவில் குழாய் செலுத்தி, நுரையீரலைச் சுற்றிப் புகுந்த காற்றை வெளியேற்றினர் என்றும் அறிந்தோம். அவர் பிழைத்தார். ஆனால் பல வாரங்கள் அவர் தறி ஓடவில்லை.

ஆகவே, அந்த மூத்த அங்கத்தினருக்கு உரிய விடையைத் தகுந்த மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களைப் பார்த்தும் தெளிந்து, இப்பாடமாக எழுதுகிறோம்.

புள்ளி எது?

அக்குபஞ்சர் சீன நாட்டில் தோன்றிய பழைய சிகிச்சை முறை. 1938 ஆம் ஆண்டில் போர்க்காலச் சீனத்துக்கு உதவச் சென்ற இந்திய மருத்துவக் குழுவின் ஐந்து மருத்துவர்களுள் ஒருவரான டாக்டர் பிஜய் குமார் பாசு, 1958 இல் மீண்டும் அங்கே சென்று இம்முறையைக் கற்று வந்து, கல்கத்தாவில் நோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கினார். நம் நாட்டில் அது பரவியதற்கு அவர் பணி ஒரு முக்கியமான காரணம். உலக சுகாதார நிறுவனம் 361 புள்ளிகளுக்குப் பொதுவான பெயர் முறையையும் இட வரையறையையும் வகுத்துள்ளது.

அவற்றுள் மண்ணீரல் தடத்தின் 21 ஆவது புள்ளியே, அதாவது அத்தடத்தின் கடைசிப் புள்ளியே, நாம் பேசும் புள்ளி. சீன மொழியில் அதன் பெயர் ‘தாபாவ்’. ‘பெரிய உறை’ என்று பொருள் கொள்ளலாம். அக்குளின் நடுவிலிருந்து நேர்கீழாக ஒரு கோடு இழுத்தால், ஆறாவது விலாவெலும்புக்கும் ஏழாவது விலாவெலும்புக்கும் இடையே உள்ள பள்ளத்தில் அக்கோடு படும் இடம் அது. விலா வலி, மார்புப் பிடிப்பு, உடம்பெல்லாம் நோவு ஆகியவற்றுக்கு இப்புள்ளியை அம்முறையார் கையாளுகின்றனர்.

வீட்டில் கண்டறிய எளிய வழி உண்டு. கையைச் சற்றே உயர்த்தி, அக்குளின் நடுவிலிருந்து தமது நான்கு விரல்களையும் சேர்த்து வைத்த அகலத்தை இருமுறை கீழ்நோக்கி அளக்க வேண்டும். அளவு எப்போதும் வலியுள்ளவருடைய விரலாலேயே எடுக்கப்பட வேண்டும். அழுத்துபவர் விரலால் அன்று. அங்கே விரல் நுனியால் தடவினால் இரண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தென்ற பள்ளம் தட்டுப்படும்.

நம் தென்பாண்டிச் சீமைக்கு இத்தகைய எண்ணம் புதிதன்று. வர்மக்கலை வழங்கும் நாடு இது. வர்ம நூலோர் பொதுவாக 108 வர்மங்களைக் கூறி, அவற்றை 12 படுவர்மம், 96 தொடுவர்மம் எனப் பிரிப்பர். இவற்றுள் மார்பிலும் விலாவிலும் அமைந்தவையும் உண்டு. சீனப் புள்ளியும் நம் வர்மமும் ஒன்றே என்று நாம் கூறவில்லை. இரண்டும் வெவ்வேறு மரபுகள். ஆனால் வர்ம ஆசான்களிடம் நாம் கற்க வேண்டிய பண்பு ஒன்று உண்டு. குணம் தரும் இடமே தவறித் தொட்டால் கேடு தரும் இடம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அதனாலேயே பல ஆண்டுகள் உடனிருந்த சீடனுக்கன்றி மற்றவர்க்கு அவ்வித்தையைச் சொல்லவில்லை.

எலும்புக்கு அடியில் என்ன இருக்கிறது?

பன்னிரண்டு இணை விலாவெலும்புகள் நம் மார்புக்கூட்டைச் சூழ்ந்துள்ளன. அக்குளுக்கு நேர்கீழே, ஓய்வாக மூச்சு விடும்போது, நுரையீரலின் கீழ் விளிம்பு எட்டாவது விலாவெலும்பு வரை இறங்கியிருக்கும். அதைப் போர்த்திய உறை பத்தாவது விலாவெலும்பு வரை செல்லும். நமது புள்ளியோ ஆறாவது விலாவெலும்புக்குக் கீழேயே உள்ளது. ஆகவே அதற்கு நேர் அடியில் இருப்பது நுரையீரலே.

வயிற்றிலோ தொடையிலோ உள்ளதுபோல் இங்கே தடித்த சதை கிடையாது. மெலிந்த உடலில் தோலிலிருந்து நுரையீரல் உறை ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்திலேயே இருக்கலாம். உழைத்து உழைத்து வற்றிய நம் நெசவாளர் உடலை எண்ணிப் பாருங்கள்.

நுரையீரலுக்குப் போர்வை இரண்டு படலங்கள். ஒன்று நுரையீரலை ஒட்டியது. மற்றொன்று மார்புச் சுவரை ஒட்டியது. இரண்டுக்கும் இடையே மிகச் சிறிதளவு திரவம் உண்டு. ஈரம் பட்ட இரண்டு கண்ணாடித் தகடுகளைச் சேர்த்து வைத்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், ஆனால் எளிதில் பிரியமாட்டா அல்லவா? அதைப் போலவே நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டி விரிந்து நிற்கிறது. ஊசிமுனை நுரையீரலைத் துளைத்துவிட்டால், உள்ளிருந்து கசியும் காற்று அந்த இடைவெளியில் புகும். புகுந்தவுடன் தகடுகள் பிரிவதுபோல் படலங்கள் பிரியும், நுரையீரல் சுருங்கும். காற்று மேலும் மேலும் சேர்ந்து வெளியேற வழியின்றி நின்றால் இருதயமும் அழுத்தப்படும். அது உயிருக்கே ஆபத்தான நிலை.

இதைக் கூறுவது அச்சமூட்டுவதற்காக அன்று. தேர்ந்தவர் கையில் இவ்விபத்து மிக அரிது. 2009 ஆம் ஆண்டில் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்றில், பயிற்சி பெற்ற மருத்துவர்களிடம் அக்குபஞ்சர் செய்துகொண்ட 2,29,230 நோயாளிகளுள் இவ்விதம் காற்று புகுந்தோர் இருவரே. ஆனால் அந்த எண்ணிக்கை பயிற்சி பெற்ற கைகளின் கணக்கு. பயிற்சியற்ற கைக்கு அதைச் சான்றாகக் காட்டுவது, வேறொரு சங்கத்தின் லாபத்தை நம் சங்கத்தின் ஐந்தொகையில் எழுதுவது போலாகும்.

விரலால் செய்யத்தக்கது

விரலின் மெத்தென்ற பகுதியால் இப்புள்ளியை அழுத்துவதை வீட்டிலேயே செய்யலாம். விரல் தோலைத் துளைப்பதில்லை. இதனால் நோய் நீங்கும் என்று உறுதி கூற இயலாது. உழைப்பினால் இறுகிய சதை தளர்ந்து சிறிது ஆறுதல் கிடைக்கக்கூடும். செய்யும் முறை வருமாறு:

முதலாவது, சுவரில் சாய்ந்து அமர்ந்து, எதிர்ப்புறக் கையை மார்பின் குறுக்கே கொண்டுவந்து புள்ளியைத் தொட வேண்டும். இரண்டாவது, மூச்சை மெதுவாக வெளிவிடும்போது அழுத்தி, உள்ளிழுக்கும்போது தளர்த்த வேண்டும். மூன்றாவது, எலும்பிடைப் பள்ளத்திலேயே அழுத்த வேண்டும். எலும்பின் மேல் ஓங்கி அழுத்தலாகாது. நான்காவது, ஓரிரு நிமிஷம் போதும். நகத்தாலோ, கட்டையாலோ, தார்க்குச்சியாலோ குத்தலாகாது. வலி மிகுந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

அடிபட்டு எலும்பு முறிந்திருக்கலாம் என்ற ஐயம் உடையவர்களும், எலும்பு தேய்ந்த முதியோரும், அண்மையில் மார்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், அவ்விடத்தில் புண், அக்கிக் கொப்புளம், கட்டி உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும் இதைச் செய்யலாகாது. கருவுற்ற பெண்கள் மருத்துவரைக் கேளாமல் செய்ய வேண்டாம்.

அழுத்தக் கூடாத வலிகள்

விலா வலி எல்லாம் சதைப் பிடிப்பாகிவிடாது. வலி என்பது ஒரு கடிதம். உறையைப் பிரித்துப் படிக்காமல் அதைத் தூக்கி எறிவது முறையன்று.

மார்பு நடுவிலோ இடப்புறத்திலோ பாரம் வைத்ததுபோல் இறுகி, கை, தோள், தாடை நோக்கி வலி பரவி, வியர்வையும் மயக்கமும் கண்டால் அது இருதய நோயின் குறியாக இருக்கலாம். பெண்களுக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கும் இக்குறிகள் தெளிவாகத் தோன்றாமலும் போகலாம். அந்நேரத்தில் புள்ளியைத் தேடி ஒரு நிமிஷமும் இழத்தலாகாது. 108 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

காய்ச்சலும் இருமலும் மூச்சிழுக்கும்போது குத்தலும் சேர்ந்திருந்தால் நுரையீரல் அழற்சியாகவோ உறையில் நீர் சேர்ந்ததாகவோ இருக்கலாம். இரண்டு வாரம் கடந்தும் நிற்காத இருமலுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். விலாவை ஒட்டி எரிச்சலும் பின்னர் கொப்புளமும் தோன்றினால் அக்கி. இடுப்பிலிருந்து முன்புறம் நோக்கிச் சுருட்டிப் பிடித்தால் சிறுநீரகக் கல்.

எலுமிச்சைத் தோட்டத்திலும் பருத்திக் காட்டிலும் மருந்து தெளித்த பின் மார்பு இறுகி, எச்சில் பெருகி, கண்மணி சுருங்கினால் அது விஷம் தாக்கியதன் குறி. மருந்துப் புட்டியின் சீட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இராசபாளையம் பக்கத்து நூற்பாலைகளில் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்கு, வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் மார்பு இறுகுமாயின், அது பஞ்சுத் தூசியால் வரும் நோயாக இருக்கலாம். இவற்றில் எதற்கும் விலாப் புள்ளி மருந்தாகாது.

ஊசி ஏற்பவர் கேட்க வேண்டியவை

மத்திய அரசு 2019 ஆம் ஆண்டில் அக்குபஞ்சரைத் தனித்த சிகிச்சை முறையாக ஏற்றுக்கொண்டது. இயற்கை மருத்துவம், யோகப் பட்டப்படிப்பில் அது ஒரு பாடமாகவும் உள்ளது. முறைக்குக் கிடைத்த ஏற்பு வேறு, செய்பவரின் தேர்ச்சி வேறு. ஆகவே, விலாவில் ஊசி ஏற்றிக்கொள்ள விரும்புவோர் கூச்சமின்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து:

1. தாங்கள் எங்கே, எத்தனை காலம் பயின்றீர்கள்? பதிவுச் சான்று உண்டா?

2. ஊசி புதியதா? ஒருவருக்கு ஒருமுறை மட்டும் பயன்படும் ஊசியை நம் கண்முன் உறை பிரித்து எடுக்க வேண்டும். பிறருக்கு ஏற்றிய ஊசியால் மஞ்சட் காமாலைக் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் தொற்றக்கூடும்.

3. எந்தக் கோணத்தில் ஏற்றுவீர்கள்? மார்பு, முதுகு ஆகிய இடங்களில் சரிவாகவோ தோலை ஒட்டியோ ஏற்றுவதே தக்கது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 1999 ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. விலாவில் நேராகவும் ஆழமாகவும் ஏற்றுபவர் எவராயினும் அவரிடம் உடம்பைக் கொடுக்க வேண்டாம்.

4. ஊசி ஏறியிருக்கும்போது உடன் இருப்பீர்களா? ஊசியோடு நோயாளி புரண்டாலும் பலமாக இருமினாலும் முனை ஆழமாகச் செல்லக்கூடும்.

5. விலாவை விட்டுக் கையிலோ காலிலோ உள்ள புள்ளியால் இதே வலிக்குச் சிகிச்சை செய்ய இயலாதா? இயலும் என்றால் அதையே முதலில் நாடுவது விவேகம்.

நம் பக்கத்திலும் கடமை உண்டு. ஆஸ்துமா, பழைய காசநோய், நாட்பட்ட புகைப் பழக்கம், உண்ணும் மருந்துகள் ஆகியவற்றை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நுரையீரல் முன்பே பழுதுபட்டவர்கள் விலாவில் ஊசி ஏற்றிக்கொள்ளாதிருப்பதே நலம்.

அபாயக் குறிகள்

ஊசி ஏற்றிய பின் மார்பில் திடீரென்று குத்தும் வலி, வறட்டு இருமல், மூச்சுத் திணறல், நெஞ்சுப் படபடப்பு, உதடு நீலம் பாய்தல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அதை அலட்சியம் செய்யலாகாது. சிலருக்கு உடனே தோன்றும். சிலருக்குப் பல மணி நேரம் கழிந்து, வீட்டிலோ தறியிலோ இருக்கையில் தோன்றும். நாம் முன்பு சொன்ன அங்கத்தினர் ஊசியையும் மாலை மூச்சு முட்டலையும் தொடர்புபடுத்தவே இல்லை. வாயு என்று எண்ணிச் சுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தார்.

அவ்வேளையில் மேலும் ஊசி ஏற்றுவதோ, விலாவைப் பிசைவதோ கூடாது. நோயாளியை நிமிர்ந்து அமரச் செய்து, 108 ஆம்புலன்ஸை அழைத்து, எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ‘இன்ன நேரத்தில் விலாவில் ஊசி ஏற்றினார்கள்’ என்ற ஒரு வாக்கியத்தை மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். அந்த வாக்கியம் அவருக்குப் பாதி வேலையைக் குறைக்கும். புகுந்த காற்று சிறிதளவானால் கண்காணிப்பிலேயே ஆறும். மிகுந்தால் குழாய் வைத்து எடுப்பர். காலத்தோடு சென்றவர் பெரும்பாலும் நலமாகத் திரும்புவர்.

சங்கத்தின் பொறுப்பு

இப்போது விண்ணப்பத்துக்கு வருவோம். சங்கத்தின் கட்டிடத்தில் நடப்பதற்குச் சங்கத்தின் பெயர் ஜாமீன் நிற்கிறது. கடன் கேட்பவரின் ஜாமீன்தாரரை எவ்வளவு நுணுக்கமாக விசாரிக்கிறோம்! அங்கத்தினர் உடம்பில் ஊசி ஏற்ற வருபவரை மட்டும் ‘இலவசம்’ என்ற ஒரு சொல்லுக்காக விசாரிக்காமல் விடலாமா? இலவசமாக வரும் நூலையும் எண்ணம் பார்த்துத்தானே இருப்பில் ஏற்றுகிறோம்?

நிர்வாகக் குழு முன்சொன்ன கேள்விகளை எழுதி விண்ணப்பதாரருக்கு அனுப்பியது. அவர் நேரில் வந்து, தாம் பயின்றது சில வார வகுப்பே என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். மார்பிலும் முதுகிலும் ஊசி ஏற்றுவதில்லை, விரலால் அழுத்தும் முறையை மட்டும் கற்றுத் தருவது, முகாமுக்கு வருவோரின் வலியை முதலில் மருத்துவர் ஒருவர் பார்த்துப் பிரித்தனுப்புவது என்ற நிபந்தனைகளோடு முகாம் நடைபெற்றது. வந்தவர்களுள் இருவரை மருத்துவர் அங்கிருந்தே மருத்துவமனைக்கு அனுப்பினார். அவர்கள் ஊசிக்காகக் காத்திருந்தவர்கள் என்பதை இங்கே குறிப்பிடுவது அவசியம்.

கேள்வி கேட்ட மூத்த அங்கத்தினரையும் மருத்துவர் பார்த்தார். இருதயத்திலும் நுரையீரலிலும் குறையில்லை. சதைப் பிடிப்பே என்றார். பின்னர் அவர் தறியை நாம் சென்று பார்த்தோம். நாடாக் கயிற்றின் கைப்பிடி எட்டாத உயரத்தில் தொங்கியது. ஒவ்வோர் இழுப்புக்கும் வலது விலா விரிந்து முறுகியது. அவர் மகன் கயிற்றை ஒரு சாண் இறக்கிக் கட்டினான். இப்போது இரவில் படுக்கும் முன் இரண்டு நிமிஷம் விரலால் அழுத்திக்கொள்கிறார். வலி முற்றும் போகவில்லை, குறைந்திருக்கிறது என்கிறார். ஊசியைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை.

வகுப்பில் விவாதிக்க வினாக்கள்

1. விலாப் புள்ளிக்கு நேர் அடியில் உள்ள உறுப்பு எது? மெலிந்தவர்க்கு அபாயம் ஏன் மிகுதி?

2. விரலால் அழுத்தலாகாதவர் யாவர்?

3. புள்ளியைத் தேடாமல் உடனே 108 ஐ அழைக்க வேண்டிய குறிகள் எவை?

4. ஊசி ஏற்றிய பல மணி நேரம் கழித்து மூச்சுத் திணறினால் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது என்ன?

5. உங்கள் சங்கக் கட்டிடத்தில் முகாம் நடத்த இடம் கேட்டால், நிர்வாகக் குழு எந்த நிபந்தனைகளை விதிக்க வேண்டும்?